ரங்கூன் ஜட்சன் காலேஜ் பத்தி தெரிஞ்சவங்க இருக்கீங்களா? எங்க சின்னத் தாத்தா அங்க படிச்சிருக்காரு

மோல்மீன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பர்மாவுல மோல்மீன், பூர்வீகம் சிவகங்கைப் பக்கம், இங்க வந்து நாலு தலைமுறை ஆச்சு. போன மாசம் அப்பா வீட்டுல கூரைத் தகரம் மாத்துறப்ப பரண்ல இருந்து ஒரு பழைய ட்ரங்குப் பெட்டிய இறக்குனோம், பாதி கரையான் தின்னுடுச்சு, மிச்சம் இருந்தது ஒரு நோட்டும் ஒரு போட்டோவும்தான். ரெண்டும் எங்க தாத்தாவோட தம்பி, அதாவது சின்னத் தாத்தாவோடது. அவரு 42-ல ஜப்பான்காரன் வந்தப்ப நடந்தே இந்தியா போனவரு, அப்புறம் பர்மா பக்கம் திரும்பவே இல்ல, ஊர்லயே கண்ண மூடிட்டாரு. அவரு ரங்கூன்ல ஏதோ படிச்சாருன்னு மட்டும் அப்பா சொல்வாரு, அது என்ன படிப்பு எந்த காலேஜுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது.

போட்டோல பன்னெண்டு பேரு ரெண்டு வரிசையா நிக்கிறாங்க, மூணு பேரு பர்மாக்காரங்க தலைப்பாகையோட, ரெண்டு பொண்ணுங்க கரீன்காரங்க (இங்க உள்ள ஒரு இனம்) சட்டை போட்டிருக்காங்க, ஒருத்தர் கோட்டு சூட்டு, ஓரத்துல எங்க சின்னத் தாத்தா வேட்டி கட்டி மேல கோட்டு போட்டு கால்ல ஷூவும் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. பின்னாடி மசியில தமிழ்ல எழுதியிருக்கு, "ஜட்சன் காலேஜ், 1939, மழை விட்ட நாள்". அவ்வளவுதான். நோட்டைத் திறந்தா முன் பக்கம் பூரா இங்கிலீஷ்ல சரித்திரப் பாடம், ஏதோ கிரேக்க தேசத்துச் சண்டை பத்தி, திருப்பிப் பின் பக்கமா பாத்தா தமிழ்ல பால் கணக்கு, வண்ணான் கணக்கு, ஊருக்கு அனுப்புன பணம். அத வச்சுக்கிட்டு நான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இப்ப ஏன் கேக்குறேன்னா என் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருச்சு. லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போறேங்குது, சின்ன யூனிவர்சிட்டிப்பா, ஆன்லைன்ல நடக்குது, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சிட்டு அப்புறம் ஒண்ணைப் பிடிச்சிக்கலாம்னு சொல்லுது. எனக்கும் என் மச்சானுக்கும் ஒண்ணும் விளங்கல. போட்டோவைக் காட்டுனதுக்கு "தாத்தா படிச்சதும் இதேதாம்பா"ன்னு சொல்லிருச்சு. அது நிஜமா? ஜட்சன் காலேஜ்னா என்ன, இப்ப இருக்கா, எங்க போச்சு, அந்தக் காலத்துல பிள்ளைங்க எப்படி இருந்தாங்க? நம்ம ஆளுங்கன்னா மூட்டை தூக்குனாங்க, வட்டிக்கு விட்டாங்க, கடை வச்சாங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, படிச்சவங்களும் இருந்தாங்களா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

கமாயுட் அக்கா:

தம்பி, உங்க பதிவைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல. நான் 1973-ல இருந்து அந்த வளாகத்துல சரித்திரம் படிச்சவ, அப்ப அதுக்குப் பேரு ரங்கூன் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் யூனிவர்சிட்டி, நாங்க எல்லாம் சுருக்கமா ராசுன்னுதான் சொல்வோம். தெரிஞ்சதைச் சொல்றேன், நீளமா போனா கோச்சுக்காதீங்க.

ஜட்சன் காலேஜ் அமெரிக்க பேப்டிஸ்ட் மிஷன்காரங்க நடத்துனது. 1872-ல கரீன் பிள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் பேப்டிஸ்ட் காலேஜ்னு ஆச்சு, பின்னாடிதான் ஜட்சன் பேரு வந்துச்சு. அதோனிராம் ஜட்சன்னு 1813-ல ரங்கூனுக்கு வந்த பாதிரியார், பைபிளை முழுசா பர்மிய பாஷையில மொழிபெயர்த்தவரு, அகராதியும் போட்டவரு, உங்க மோல்மீன்லதான் ரொம்ப வருஷம் இருந்தாரு. அவரு சம்சாரத்தோட கல்லறை கூட உங்க பக்கம் சாய்க்கமியிலதான் இருக்கு.

இன்னொரு பக்கம் கவர்மெண்டு காலேஜ் ஒண்ணு, அது 1878-ல ஆரம்பிச்சது. கல்கத்தா யூனிவர்சிட்டிக்குக் கீழ இருந்துச்சு, பரீட்சை பட்டம் எல்லாம் அவங்க கைலதான். 1920 டிசம்பர் 1-ந் தேதி கவர்மெண்டு காலேஜையும் ஜட்சனையும் சேத்து ரங்கூன் யூனிவர்சிட்டின்னு ஆக்குனாங்க. ரெண்டு காலேஜ், ஒரே யூனிவர்சிட்டி, பட்டம் ஒண்ணுதான், ஆனா வாழ்க்கை வேற வேற. யூனிவர்சிட்டி காலேஜ் பெருசு. ஜட்சன் சின்னது, மிஷன் நடத்துனதால கரீன் பிள்ளைங்க நிறைய, பொம்பளைப் பிள்ளைங்களும் நிறைய. உங்க போட்டோல ரெண்டு பொண்ணுங்க கரீன் சட்டையில நிக்கிறாங்கன்னு எழுதுனீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு இது ஜட்சனேதான்னு பட்டுச்சு.

யூனிவர்சிட்டி பிறந்த வாரத்துலயே ஸ்ட்ரைக்கும் பிறந்துருச்சு, அதைச் சொல்லாம அந்த இடத்தோட கதையைச் சொல்லவே முடியாது. புதுச் சட்டத்துல எல்லாரும் வளாகத்துலயே தங்கிப் படிக்கணும்னு இருந்துச்சு, வெளியூர் ஏழைப் பிள்ளைங்களுக்கு அந்தச் செலவு எங்க கட்டுப்படியாகும், இங்கிலீஷ் சரியா வராதவங்களுக்கு மேல ஒரு வருஷம் வேற. பதினோரு பேரு ஸ்வேடகோன் பகோடாவுல கூடி முடிவெடுத்து வகுப்பைப் புறக்கணிச்சாங்க. பகோடாவோட தென்மேற்கு மூலையில அதுக்கு ஒரு தூண் நிக்குது, பர்மீஸ், இங்கிலீஷ், பிரெஞ்சு, ரஷ்யன்னு நாலு பாஷையில எழுதியிருக்கும், அடுத்த தடவை சாமி கும்பிடப் போனா பாருங்க, நிறைய பேரு அது என்னன்னே தெரியாம அதுல சாஞ்சு உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருப்பாங்க. இன்னிக்கும் நாம லீவு விடுற தேசிய தினம் அந்த ஸ்ட்ரைக்கோட நாள்தான்.

நம்ம ஆளுங்க படிச்சாங்களான்னு கேட்டீங்க. படிச்சாங்க தம்பி, நல்லாவே படிச்சாங்க. அந்தக் காலத்து ரங்கூன்ல பாதிக்கு மேல இந்திய ஜனம், வக்கீல், குமாஸ்தா, வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் எங்க போயிருப்பாங்க? 1936 ஸ்ட்ரைக்ல ஆங் சானும் உ நுவும் இருந்தது எல்லாருக்கும் தெரியும், உ நு மாணவர் யூனியன் தலைவரு, பின்னாடி பிரதமர் ஆனவரு, ஆங் சான் யூனியன் பத்திரிகைக்கு ஆசிரியரு, பின்னாடி சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆனவரு, பத்திரிகையில வந்த ஒரு கட்டுரையை எழுதுனது யாருன்னு கேட்டதுக்கு சொல்ல மாட்டேன்னு நின்னாரு, ரெண்டு பேரையும் நீக்குனாங்க, அதுலதான் பிள்ளைங்க எல்லாம் கிளம்புனாங்க. அந்தத் தலைவர்கள்ல ஒருத்தர் எம்.ஏ. ரஷீத், அலகாபாத்ல பிறந்தவரு, நம்மள மாதிரி இந்திய வம்சாவளி, பிற்பாடு உ நு மந்திரிசபையில மந்திரியாவே இருந்தாரு. இதை நம்ம பிள்ளைங்ககிட்ட யாரு சொல்றா?

உங்க சின்னத் தாத்தா 1939-ல அங்க இருந்தார்னா அதுக்கு முந்தின டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும், ஒருவேளை நேர்லயே பாத்திருப்பாரு. 1938 டிசம்பர் 20-ல செக்ரட்டேரியட்டை மறிச்ச பிள்ளைங்க மேல குதிரைப் போலீஸ் பாஞ்சு ஆங் ஜோங்கிற மாணவர் மண்டையில அடிபட்டு செத்துப் போனாரு. அந்தப் பக்கம் ஸ்பார்க்ஸ் ஸ்ட்ரீட்னு இருந்த ரோட்டுக்குத்தான் பிறகு போ ஆங் ஜோ ஸ்ட்ரீட்னு பேரு வச்சாங்க.

சண்டையில 42-ல எல்லாம் மூடிருச்சு. அப்புறம் யூனிவர்சிட்டி திரும்ப நடந்துச்சு, ஆனா ஜட்சன் தனிக் காலேஜா எழும்பல, பெருசுக்குள்ள கரைஞ்சிருச்சு. அதனால இப்ப ஜட்சன் காலேஜுன்னு போர்டு தேடுனா கிடைக்காது. ஆனா ஜட்சன் சர்ச்சு நிக்குது, வளாகத்துக்குள்ளயே, பக்கத்துல உயரமா கோபுரத்தோட. நான் இந்துப் பொண்ணு, ஆனா பரீட்சைக்கு முன்னாடி அந்த சர்ச்சுப் படியில உக்காந்துதான் படிப்பேன், காத்து அப்படி வரும்.

எங்க காலத்து வாழ்க்கையும் கொஞ்சம் சொல்றேன். நான் இன்யா ஹாஸ்டல், ரூம்ல நாங்க மூணு பேரு, ஒருத்தி கரீன், ஒருத்தி ஷான், நான் டவுங்கூ தமிழச்சி. ராத்திரி ஆனா பையனுங்க கிட்டாரைத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டல் வேலிக்கு வெளிய வந்து நின்னு பாடுவாங்க, வார்டன் லைட்டை அணைக்கச் சொல்லுவாங்க, நாங்க இருட்டுல ஜன்னல்கிட்ட நின்னு கேப்போம், யாருக்காகப் பாடுறான்னு விடிய விடிய பேச்சு ஓடும். காசு தீர்ந்த வாரத்துல மூணு பேரும் ஒரு தட்டு லப்பேத்தோ, அதாவது ஊறவச்ச தேயிலைக் கலவை, வாங்கி சோத்துல பிசைஞ்சு சாப்பிடுவோம். பெரிய ரோட்டுக்குப் பேரு அதிபதி ரோடு, பர்மீஸ்லயும் அதிபதிதான், நம்ம அதிபதிதான், யூனிவர்சிட்டிக்கு அவங்க சொல்ற தெக்கத்தோங்கிற வார்த்தையே தட்சசீலத்துல இருந்து வந்ததுன்னு எங்க சயா, அதாவது வாத்தியார், முதல் வகுப்புல சொன்னாரு. அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம், வேத்தூரு இடம்னு நினைச்சது நம்ம பாட்டி வீடு மாதிரி ஆயிருச்சு.

1974 டிசம்பர் பத்தி நான் யார்கிட்டயும் அதிகம் பேசுறதில்ல. உ தாண்ட் நியூயார்க்ல இறந்து உடலைக் கொண்டு வந்தாங்க, அவரும் இதே வளாகத்துல படிச்சவரு, ஐ.நா. பொதுச் செயலாளரா இருந்த மனுஷனுக்கு அரசாங்கம் ஒரு மரியாதையும் செய்யல. பிள்ளைங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து பட்டமளிப்பு மண்டபத்துல வச்சிட்டாங்க. சனம் வந்துக்கிட்டே இருந்துச்சு, நாங்க சோறு பொட்டலம் கட்டிக் கட்டி கையெல்லாம் எண்ணெய். 1962-ல பிள்ளைங்களைச் சுட்டுட்டு மறுநாள் வெடி வச்சுத் தகர்த்தாங்களே மாணவர் யூனியன் கட்டடம், அது இருந்த காலி இடத்துல அவரை அடக்கம் பண்ணாங்க. 11-ந் தேதி விடியறதுக்குள்ள பட்டாளம் உள்ள வந்து பெட்டியை எடுத்துட்டுப் போயிருச்சு. எங்களை ரயில் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. என் ஷான் சிநேகிதி தன் போர்வையை என் பையில வச்சு விட்டா, அது இன்னிக்கும் என்கிட்டதான் இருக்கு.

ஒண்ணு கேக்கணும் தம்பி, போட்டோல பின்னணியில ஏதாவது கட்டடம் தெரியுதா?

தான்லின்காரன்:

அக்கா எழுதுனதைப் படிச்சிட்டு நானும் சொல்லாம இருக்க முடியல. நான் பத்தாவது பாஸ் பண்ண வருஷத்துல, 1996 டிசம்பர்ல, லெடான் சந்தியில பிள்ளைங்க உக்காந்து போராடுனாங்க, அதோட எல்லா யூனிவர்சிட்டியும் மூடிட்டாங்க. 88 போராட்டத்தப்ப மூடுனது போதாதுன்னு மறுபடியும். இன்னிக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும்னு சூரத்தி பஜார்ல மாமா கடையில துணி மடிச்சுக்கிட்டே மூணு வருஷத்துக்கு மேல உக்காந்திருந்தேன், 2000-ல திறந்தப்ப எனக்குப் பாடத்துல இருந்தது எல்லாம் மறந்தே போச்சு.

திறந்ததுன்னா அந்த அழகான வளாகத்தைத் திறக்கல அண்ணே. பட்டப் படிப்புப் பிள்ளைங்களை எல்லாம் ஊருக்கு வெளிய தள்ளிட்டாங்க, பிள்ளைங்க டவுனுக்குப் பக்கத்துல கூடிடக் கூடாதுன்னு. டகோன் யூனிவர்சிட்டி ஒரு பக்கம், எங்க தான்லின்ல ஈஸ்ட் யாங்கோன் (ரங்கூனுக்கு இப்ப உள்ள பேரு) யூனிவர்சிட்டி ஒரு பக்கம். வயக்காட்டு நடுவுல கட்டடம், ஹாஸ்டல் கிடையாது, சயா சயாமா (டீச்சரம்மா) எல்லாம் டவுன்ல இருந்து வேன்ல வந்து பாடம் சொல்லிட்டு அதே வேன்ல போயிருவாங்க, பிள்ளைங்களும் பஸ் ஏறி ஓடிருவோம். அக்கா சொன்ன கிட்டார், சர்ச்சுப் படி, ரூம்ல கரீன் சிநேகிதி இதெல்லாம் எங்க தலைமுறைக்குக் கிடைக்கவே இல்ல. பட்டம் வாங்குனேன், ஆனா கூடப் படிச்சவன் ஒருத்தன் பேரு கூட இப்ப சட்டுன்னு வராது.

எனக்கு அப்ப கையில இருந்தது பச்சைக் கார்டு வேற. 82 குடியுரிமைச் சட்டப்படி பச்சைக் கார்டுன்னா முழுக் குடிமகன் இல்ல, குடியுரிமை வாங்குனவங்கன்னு அர்த்தம், டாக்டர், இன்ஜினியர் படிப்புப் பக்கமே போக முடியாது. மார்க்கு இருந்துச்சு. ஒரு ஆபீஸ்ல ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரு என் பாரத்தைப் படிக்காமலே கார்டு கலரை மட்டும் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு, எங்கப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அதனால சொல்றேன், பொண்ணு ஆசைப்பட்டதைப் படிக்க வழி இருக்குன்னா தடுக்காதீங்க.

மெயின் வளாகத்துல 2013 டிசம்பர்லதான் பட்டப் படிப்புக்கு மறுபடி பிள்ளைங்களைச் சேத்தாங்க, அதுவும் பாடத்துக்குக் கொஞ்சம் பேரு. அதுக்கு முந்தின வருஷம் ஒபாமா வந்து அந்தப் பட்டமளிப்பு மண்டபத்துல பேசுனாரே, அப்ப அவசர அவசரமா வெள்ளையடிச்சு புல்லு வெட்டுனதை நான் பஸ்ஸுல போறப்ப பாத்தேன். சந்தோஷமாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு.

பேகு ரவி அப்பா:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, நான் ஒரு தகப்பனா கேக்குறேன், சரித்திரம், தத்துவம்னு நாலு வருஷம் படிச்சிட்டு என்ன வேலை? ஊரு இருக்கிற நிலைமையில பிள்ளைங்க பாஷை கத்துக்கிட்டு வெளிநாடு போனாத்தான் வீட்டுல அடுப்பு எரியுது. என் பையன் ஜப்பான் பாஷை N4 பாஸ் பண்ணிட்டான், இன்னும் ஆறு மாசத்துல போயிருவான். அண்ணன் யோசிச்சு முடிவு எடுங்க, தப்பா நினைக்காதீங்க.

மழைக்காலம்:

அண்ணா வணக்கம். நான் உங்க பொண்ணு சொல்ற மாதிரி இடத்துலதான் படிக்கிறேன், பாரமி யூனிவர்சிட்டி. 2017-ல யாங்கோன்ல சின்ன இன்ஸ்டிடியூட்டா ஆரம்பிச்சது, 2021-ல பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் இங்க நேர்ல நடத்த வழி இல்லாம ஆன்லைனுக்கு மாறிருச்சு, அமெரிக்காவுல பதிவு பண்ணி 2022-ல இருந்து பட்டப் படிப்பு நடக்குது, நியூயார்க் பக்கம் பார்ட் காலேஜ்னு ஒரு பழைய லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் கூட சேந்து. உங்க பொண்ணு கேக்குறது இதேவான்னு எனக்குத் தெரியாது, ஆனா முறை இதுதான்.

எப்படி இருக்கும்னா, நம்ம பள்ளிக்கூடத்துல சயாமா சொல்றதை ஒப்பிச்சோம்ல, அது இங்க செல்லாது. முதல் வருஷம் நான் தத்துவம், புள்ளிவிவரம், எழுத்துன்னு எல்லாம் கலந்து எடுத்தேன். வகுப்புக்கு முன்னாடியே இருபது முப்பது பக்கம் படிச்சிட்டுப் போகணும், வகுப்புல பத்துப் பதினஞ்சு பேருதான் இருப்போம், சயா "நீ என்ன நினைக்கிற"ன்னு பேரைச் சொல்லிக் கேப்பாரு. முதல் மாசம் எனக்கு நாக்கே எழும்பல. பன்னெண்டு வருஷம் படிச்சதுல என்கிட்ட யாருமே அப்படிக் கேட்டதில்ல. நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரியாம உக்காந்திருந்தேன்.

கரண்டு பெரிய பிரச்சனை, அதை மறைக்க மாட்டேன். கரண்டு இருக்கிற நேரத்துல போனு, லேப்டாப்பு, பேட்டரி எல்லாத்தையும் சார்ஜ் போட்டு வச்சுக்குவேன், அப்படியும் நெட்டு போயிரும். ஒரு தடவை நான் பேசிக்கிட்டு இருக்கிறப்பவே லைன் கட்டாயிருச்சு, மறுபடி உள்ள வர்றதுக்கு இருபது நிமிஷம், வந்து பாத்தா நான் பாதியில விட்ட கருத்தை கச்சின் மாநிலத்துல இருந்து படிக்கிற ஒரு பொண்ணு எனக்காக எடுத்துச் சொல்லிக்கிட்டு இருக்கா. அவளை நான் இது வரைக்கும் நேர்ல பாத்ததில்ல. அக்கா சொன்ன அந்தப் போர்வை மாதிரிதான் எனக்கு அது.

ரவி அப்பா கேட்டது நியாயமான கேள்வி. எங்க அப்பாவும் கேட்டாரு. இங்க தத்துவம் மட்டும் இல்லப்பா, அரசியல், பொருளாதாரம் சேந்த பட்டம் ஒண்ணு இருக்கு, புள்ளிவிவரமும் டேட்டாவும் சேந்து ஒண்ணு இருக்கு, நான் ரெண்டாவதை எடுத்திருக்கேன். இங்கிலீஷ்ல எழுதவும் ஒரு கணக்கைப் பாத்து இது சரி இது தப்புன்னு சொல்லவும் வந்திருச்சு, பகுதி நேரமா வேலையும் பாக்குறேன். ஆனா வேலைக்கு மட்டுமேன்னா இதைவிடக் குறுக்கு வழி இருக்கு, அது உண்மை. உங்க பொண்ணுக்குப் படிக்கிறதுல நிஜமாவே ஆசை இருக்கான்னு மட்டும் பாருங்க.

மோல்மீன்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு இவ்வளவு தூரம் எழுதுவீங்கன்னு நினைக்கல. அக்கா எழுதுனதை அப்பாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுனேன், அவருக்கு எண்பத்தி ரெண்டு வயசு, பாதியில நிறுத்தச் சொல்லிட்டு உள்ள போயிட்டாரு, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து மிச்சத்தைப் படின்னாரு. ரவி அப்பா, நீங்க சொன்னதுல தப்பா நினைக்க ஒண்ணும் இல்ல, என் மச்சானும் அதேதான் சொல்றான், உங்க பையன் நல்லபடியா போய்ச் சேரட்டும். மழைக்காலம் தங்கச்சி எழுதுனதை என் பொண்ணு மூணு தடவை படிச்சிருச்சு, உங்ககிட்ட தனியா நாலு கேள்வி கேக்கணுமாம், பதில் போடும்மா.

நோட்டை மறுபடி நிதானமா பாத்தேன். அந்தக் கிரேக்கச் சண்டைப் பாடத்துக்குப் பக்கத்துல ஓரமா பென்சில்ல தமிழ்ல ஒரு வரி இருக்கு, முன்னாடி என் கண்ணுல படல. "சயா சொல்வது சரி என்று எனக்குத் தோன்றவில்லை, நாளை கேட்க வேண்டும்". இதை என் பொண்ணுகிட்ட காட்டுனேன். அது ஒண்ணும் பேசல, போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுச்சு.

அக்கா கேட்டீங்களே, கட்டடம் தெரியுதான்னு. இடது பக்கம் கரையான் அரிச்ச ஓரத்துல, பின் வரிசை ஆளுங்க தலைக்கு மேல, உயரமா சதுரமா ஒரு கோபுரம் பாதி தெரியுது.

கமாயுட் அக்கா:

அதுதான் தம்பி. அதேதான். சர்ச்சுக் கோபுரம் அவங்களுக்குப் பின்னாடி இடது பக்கம் வருதுன்னா அவங்க எந்தப் பக்கம் பாத்து நின்னாங்கன்னு நான் கண்ண மூடிக்கிட்டே சொல்வேன், அந்தப் புல்தரையில நான் நாலு வருஷம் நடந்திருக்கேன். தடிஞ்சு (விளக்குத் திருவிழா) லீவுல அப்பாவுக்கு உடம்பு ஒத்துழைச்சா ரங்கூனுக்குக் கூட்டிட்டு வாங்க, எங்க வீடு பக்கம்தான், பஸ்ஸை விட்டு இறங்குனா நடந்தே வந்துரலாம். உள்ள விடுறது அன்னிக்கு வாசல்ல இருக்கிறவங்களைப் பொறுத்தது, ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சுக்குப் போற கூட்டத்தோட கேட்டுப் பாக்கலாம், என் கரீன் சிநேகிதியோட தங்கச்சிகிட்ட சொல்லி வைக்கிறேன். போட்டோவைக் கையில கொண்டு வராதீங்க, மழையில நனைஞ்சிரும், ஒரு நகல் எடுத்துக்கிட்டு வாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க.